ஏழாம் தட்டு

ஏழாம் தட்டில் ஒரு புழுகூட நெளியவில்லை.

அவள் நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். செத்தேபோயிருந்தன. ஆட்டின் குடலில் குடியிருந்துகொண்டு ஆட்டையே எலும்பும் தோலுமாக்குகிற புழுக்கள். மூன்று வருடங்களாக எந்தப் பூஞ்சையின் சாற்றை ஊற்றினாலும் அதைக் குடித்துக் கொழுத்த ஜென்மங்கள்.

பக்கத்திலேயே எட்டாம் தட்டு. ஏழாம் தட்டின் பூஞ்சை கிடைத்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளிச் சுரண்டிய பூஞ்சையின் சாறு அதில். அங்கே புழுக்கள் கல்யாண வீட்டுப் பிள்ளைகளைப் போலக் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தன.

ஆய்வகத் தலைவர் ஓடிவந்து பார்த்தார். யாரையும் பாராட்டி அறியாத அந்த மனிதர், அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு, மிச்சப் பூஞ்சை எங்கே என்று கேட்டார்.

மிச்சம் இல்லை. இதுவும் வழக்கம்போலத் தேறாது என்ற நம்பிக்கையில், ஒரு பொட்டுக்கூட வைக்காமல் முழுவதையும் அரைத்துவிட்டிருந்தாள்.

நாற்காலியை அவர் திரும்பப் பிடுங்கிக்கொள்ளாததுதான் குறை. உடனே போய்ப் புதிதாகச் சுரண்டி வரச் சொன்னார். எந்தக் காடு என்று கேட்டார். இருட்டான, ஈரமான, காற்றுப் புகாத இடம் என்று மட்டும் சொன்னாள். ஜீப் வேண்டுமா என்றார். வேண்டாம் என்றாள்.

அப்போதுதான் காலையில் வீட்டில் போட்ட சண்டை அவளுக்கு நினைவுக்கு வந்தது.

கல்யாணமான நாளிலிருந்து நடக்கும் சண்டை. இன்று கெடுவே வைத்துவிட்டு வந்திருந்தாள். சாயங்காலம் இந்த வீட்டில் ஒன்று அது இருக்க வேண்டும், இல்லை அவள் இருக்க வேண்டும். விடுப்பில் இருந்த கணவர் முதல்முறையாக எதிர்த்துப் பேசாமல் தலையாட்டினார்.

தலையாட்டிவிட்டால் செய்துவிடுகிற மனிதர். அதுதான் இப்போது பயம்.

ஆய்வகத்துக்கு வெளியே நடைக்கு ஓடிப்போய் அவருக்குப் போன் செய்தாள். குப்பை வண்டி வாசலுக்கே வந்துவிட்டதாகவும், இதோ கையில் எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருப்பதாகவும் அவர் பெருமையாகச் சொன்னார்.

"ஐயோ, போட்டுடாதீங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

அவர் சந்தேகத்தோடு, யார் பேசுவது என்று கேட்டார்.

தோற்றுவிட்டாள். ஆனாலும் முழுசாகத் தோற்க மனம் வரவில்லை. கண்ணாடிக் கதவு வழியாக எட்டாம் தட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"உங்க இடது கால் ஷூவை மட்டும் எடுத்து வைங்க. கழுவிடாதீங்க. வலதை வண்டியிலயே போட்டுடுங்க."