மஸ்டாவுக்கு மெழுகு போட்ட நாள்

"யாரு அந்த வாளிய வெயில்ல வச்சது? வெந்நி பட்டா பெயிண்ட் போயிடும்னு இந்த வீட்ல எத்தன தடவ சொல்றது?"

சகுப்வா குடியிருப்பில் அந்தச் சனிக்கிழமை இந்த அதட்டலோடு தொடங்கியது. நீல மேல்கோட்டும் பின்பக்கம் திருப்பிய தொப்பியுமாக அவர் அவகாடோ மரத்து நிழலில் பச்சை மஸ்டாவைச் சுற்றிச் சுற்றி வந்தார். காரைக் கழுவுகிறாரா, கல்யாணப் பெண்ணைக் குளிப்பாட்டுகிறாரா என்று தெரியவில்லை.

சமையலறை வாசலில் பாய்மேல் உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூத்த மகள் ருவாவின் பெயரால் எல்லோருக்கும் அவள் ருவாம்மா. புதன்கிழமையிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாடும் இல்லை. வந்து குவிந்திருந்த சொந்தபந்தமெல்லாம் கெஞ்சிக் கெஞ்சி ஓய்ந்துவிட்டது. இப்படியே போனால் ஆளே விழுந்துவிடுவாள் என்று பெண்களுக்குப் பயம். இன்றைக்கு எப்படியாவது அவள் வாயைத் திறக்க வைத்துவிடுவது என்று அவர் முடிவுகட்டியிருந்தார்.

"ருவாம்மா! கூரைமேல காக்கா எச்சம் இருக்கா பாரு. எனக்கு எட்டாது. நான் குட்டைன்னு உனக்குக் கல்யாணத்தப்ப தெரியல, அப்புறமாத்தான தெரிஞ்சுது!"

பெரிய பானையில் சட்சா என்ற சோளக்களியைக் கிண்டிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"ஏன் ருவாப்பா, காரு ஒண்ணு, வாளி எதுக்கு ரெண்டு?" ஓரகத்தி ரும்பி வாயைக் கிளறினாள்.

"ஒண்ணு சோப்புக்கு, ஒண்ணு துணிய அலச. மண்ணோட தேச்சா கோடு விழும். உன் புருஷன்கிட்டச் சொல்லு, அவன் காரு வரிக்குதிரை மாதிரி நிக்குது."

"காருக்கு இவ்ளோ செய்றீங்க. பொண்டாட்டிக்கு என்னிக்காவது முதுகு தேச்சு விட்டிருக்கீங்களா?"

"காரு பேசாது தாயி. தேச்சா கம்முனு தேச்சுக்கும்." ஓரக்கண்ணால் பாயைப் பார்த்தார். "இப்பல்லாம் என் பொண்டாட்டியும் பேசறதில்ல. அவளுக்கும் ஒரு கோட்டிங் மெழுகு போட்டுடலாமான்னு பாக்கறேன்."

ருவாம்மாவின் உதடு லேசாகத் துடித்தது. அவ்வளவுதான். மறுபடி தரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னிக்கு எல்லாருக்கும் முன்னால போறது இந்தக் காருதான். அழுக்கோட போனா ஊரு என் மானத்த வாங்கிடும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மெழுகு டப்பாவைத் திறந்தார்.

கதவு, கூரை, பின்பக்கம் என்று ஒவ்வொன்றாகப் பூசி, வெள்ளையாகப் படியும்வரை காத்திருந்து துடைத்தார். மூச்சு வாங்கியது. பேச்சு மட்டும் நிற்கவில்லை. மாமியார் ஊருக்குப் போகும் வழியில் கார் மக்கர் பண்ண, ருவாம்மா பின்னாலிருந்து தள்ள, ஸ்டியரிங்கில் சொகுசாக உட்கார்ந்து "இன்னும் வேகமா, இன்னும் வேகமா" என்று கத்திய கதையை நடித்தே காட்டினார். சிரித்துச் சிரித்துப் பெண்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் மட்டும் அசையவில்லை. பார்க்கவே பாவமாக இருந்தது.

மிச்சம் இருந்தது பானெட். அதை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக, தரையைத் துடைப்பதுபோலப் பரபரவென்று தேய்க்கத் தொடங்கினார்.

"அப்படி இல்ல!"

கிண்டிக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றன. ருவாம்மா எழுந்து வந்து அவர் கையிலிருந்த துணியைப் பிடுங்கினாள்.

"அவரு இப்படித் தேய்க்கவே மாட்டாரு. சின்னச் சின்ன வட்டமா... கொழந்தை கன்னத்தத் தொடைக்கிற மாதிரி. இப்படி... இப்படி..."

வட்டம் போட்ட கை பாதியில் நின்றது. பானெட்டின்மேலேயே கவிழ்ந்து, மூன்று நாளாக நெஞ்சை அடைத்துக் கிடந்ததையெல்லாம் அவள் அழுது கொட்டினாள். யாரும் தடுக்கவில்லை. "அப்பாடா" என்றார் அவர்.

வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது.

"டொண்டராய் அண்ணே," என்று ரும்பி அவரை மெல்லக் கூப்பிட்டாள். "நடிச்சது போதும். ருவாப்பாவ ஆஸ்பத்திரிலேருந்து கொண்டுவந்துட்டாங்க."

அந்த ஊர் வழக்கப்படி, சாவு வீட்டில் செத்தவனின் உடையைப் போட்டுக்கொண்டு அவனைப் போலவே பேசி நடித்து எல்லோரையும் சிரிக்கவும் அழவும் வைப்பது உயிர்நண்பனின் கடமை; அதைச் செய்து முடித்த டொண்டராய், பெட்டிக்குத் தோள் கொடுக்கப் போகும்போதுதான் தனக்காக அழுதார்.