ஜன்னலடி மேசை

மூன்று மணித்தியாலத்தில் அறை அறையாகிவிட்டது. தம்பி மனைவி கௌசலா மேல்மாடி முழுக்கப் பரப்பியிருந்ததையெல்லாம் தவமணி அலுமாரிக்குள் திணித்துப் பூட்டினாள். பாதி தைத்த கல்யாணச் சட்டை, பள்ளிக்கூட நாடகத்துக்கு ஒட்டிய கிரீடங்கள், சிப்பி விளக்குகள். எதுவுமே முடிந்திருக்கவில்லை. துறைமுகத்தைப் பார்த்த ஜன்னலடியில் மேசை போட்டு, சோதனைக்குப் படிக்கிற மகளை இருத்தினாள்.

ஈச்சிலம்பற்றிலிருந்து இடம்பெயர்ந்து வந்த பத்து நாளும் தாயும் மகளும் தம்பி வீட்டுக் குசினிக்குள், அடுப்படியில்தான் படுத்தார்கள்.

சந்தையிலிருந்து வந்த கௌசலா அறை வாசலில் நின்றாள்.

"ஆரைக் கேட்டு இதைத் தொட்டனீங்கள் மச்சாள்?"

"ஒன்றை முடிக்கத் தெரியாது, ஒன்பதைத் தொடங்கத் தெரியும். உன்ர குப்பைக்கு மாடி, என்ர பிள்ளைக்குக் குசினியோ?"

"திறப்பைத் தாங்கோ."

"தர ஏலாது."

கௌசலா திறப்பைப் பறித்து அலுமாரியைத் திறந்தாள். கிரீடங்களை வாரி நிலத்தில் கொட்டினாள்.

"உனக்கென்ன விசரே?" தவமணி அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

கீழே ஜீப் ஒன்று வந்து நின்றது. கௌசலா கொட்டுவதை விட்டுவிட்டு, மேசையிலிருந்த பிள்ளையைப் பார்த்தாள்.

"இவளைக் கூட்டிக்கொண்டு பின்பக்கத்தால போங்கோ, மச்சாள். நீங்கள் வர முதல், காவலுக்குச் சென்றி போட இந்த அறையைக் கேட்டு ஆமிக்காரர் வந்தவங்கள். கால் வைக்க இடமில்லை எண்டுதான் அண்டைக்குத் திரும்பிப் போனவங்கள்."