ஃபிலிம் குடித்த வாயு

இரண்டாயிரத்து நூற்று நாற்பது பாக்கி.

பணத்தோடு வா, இல்லாவிட்டால் சிலிண்டரோடு வா என்று சொல்லித்தான் கேஸ் டெப்போவில் அனுப்பியிருந்தார்கள். இரண்டும் இல்லாமல் திரும்பினால் பிடித்தம் சிலிண்டர்காரனின் சம்பளத்தில்தான்.

சமையலறைக்குள் காலை வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

சிலிண்டர் சுவரோரமாக நின்றது. அதிலிருந்து கிளம்பிய குழாய் அடுப்பு மேடையில் இருந்த வெந்நீர்த் தொட்டிக்குள் போனது. தொட்டிக்குள், மூடியை நாலு பக்கமும் திருகி இறுக்கிய ஒரு ஸ்டீல் டப்பா. டப்பாவின் தலையில் அழுத்தம் காட்டும் மீட்டர். மூடியைச் சுற்றிக் கறுப்புத் துணி.

வெல்டிங் பட்டறை, ஐஸ் ஃபாக்டரி, ஆஸ்பத்திரி என்று அவன் இறக்காத இடமில்லை. தன் சிலிண்டர் ஒரு வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து எதையோ வேகவைப்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறான்.

"உள்ள என்ன சார் வேகுது?"

"ஃபிலிம், தம்பி. கேமராவுல போடுற ஃபிலிம்."

வீட்டுக்காரர் அச்சகத்தில் பிளேட் போட்டு ஓய்வு பெற்றவர். பொறுமையாகத்தான் சொன்னார். டப்பாவிலிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, இந்த வாயுவை நிரப்பி, இளஞ்சூட்டில் ஒரு நாள் முழுக்க ஊறவைக்க வேண்டுமாம். ஃபிலிமில் இருக்கிற ஈரமெல்லாம் போய் அதற்கு நல்ல பசி எடுக்குமாம். அப்புறம் வானத்தைக் காட்டினால் கண்ணுக்கே எட்டாத வெளிச்சத்தைக்கூட அள்ளி அள்ளித் தின்னுமாம்.

சிலிண்டர்காரனுக்குப் புரிகிற மாதிரியும் இருந்தது, காதில் பூச்சுற்றுகிற மாதிரியும் இருந்தது. மனுஷர் முகத்தைப் பார்த்தால் பூச்சுற்றுகிறவர் மாதிரி இல்லை. அதுதான் இன்னும் குழப்பியது.

"கேஸ் குடுக்கலைன்னா படம் விழாதா?"

"விழும். ரெண்டு மணி நேரம் லென்ஸைத் திறந்து வச்சிருக்கணும். கேஸ் குடிச்சதுக்கு அரை மணி போதும்."

அட, இவ்வளவுதானா! ஒன்றரை மணி நேரத்தை மிச்சம் பிடிக்கவா இத்தனை கடன்? வேலைக்கும் போகாத மனுஷருக்கு அந்த நேரத்தில் என்ன தலைபோகிற காரியம்?

"அப்ப திறந்து வச்சிட்டுப் போய்த் தூங்குங்க சார். வானம் எங்க ஓடிடப் போவுது?"

"ஓடுதே!" வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். வானம் நகர நகர மொட்டை மாடியிலிருக்கும் டெலஸ்கோப்பை மோட்டார் திருப்புமாம். ஆனால் அது கிழட்டு மோட்டார், வழுக்கும். அதனால் அதோடு ஒட்டிய சின்ன டெலஸ்கோப்பில் ஒருவர் கண்ணை வைத்து, ஒரே ஒரு நட்சத்திரத்தைக் கம்பிக் குறுக்கில் நிறுத்தி, விலகும்போதெல்லாம் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டுமாம். "எனக்கு எப்பவுமே கண்ணு மங்கல், தம்பி. முப்பது வருஷமா வீட்டுலதான் புடிச்சு நிறுத்துறாங்க."

"அப்ப அம்மா ரெண்டு மணி நேரம் பாத்துட்டுப் போறாங்க. அதுக்கு எதுக்கு சார் கடன்?"

அவர் மீட்டரைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"இன்னும் மூணு மணி நேரம் மட்டும் விடு, தம்பி. இன்னிக்கு நிலா இல்ல. இப்ப எடுத்தா ஊறினது எல்லாம் வீண்."

மூன்று மணி நேரம், அடுத்த மாதம், பென்ஷன் வரட்டும். இதெல்லாம் கேட்டுக் கேட்டுப் புளித்த காது அவனுடையது. ஸ்பேனரை எடுத்து வால்வில் மாட்டினான்.

உள்ளறையிலிருந்து அந்த அம்மா வந்தார். சுவரைப் பிடித்து, இரண்டு அடிக்கு ஒரு தடவை நின்று.

"உக்காரேன்ப்பா," என்றார். கொஞ்சம் நின்று, "ஏங்க, வந்தவருக்கு... தண்ணியாவது குடுத்தீங்களா?" என்றார்.

தோளில் ஒரு துணிப்பை. பையிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று மூக்குக்குப் போனது. பையின் வாயில், எலுமிச்சம்பழம் அளவுக்கு, ஒரு மீட்டர் தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் பையைத்தான் பார்த்திருப்பார்கள். அவன் முள்ளைப் பார்த்தான். ஆஸ்பத்திரிக்கு இந்த ஆக்ஸிஜன் பாட்டிலை டஜன் டஜனாக இறக்கியவன்.

நிறைய நிரப்பினால் நாற்பது நிமிஷம். மாடி ஏற ஐந்து. இறங்க ஐந்து.

மீதி முப்பது.

ஸ்பேனரைக் கழற்றிப் பையில் போட்டான். சீட்டுப் புத்தகத்தை எடுத்தான்.

வழியில் கசிந்த சிலிண்டருக்கு டெப்போ காசு வாங்காது. கசிந்ததா இல்லையா என்று இறக்கினவன் எழுதுவதுதான் எழுத்து. பத்தொன்பது வருஷத்தில் தன் கையால் ஒரு கசிவுச் சீட்டு எழுதாதவன் அவன். எதற்கு எழுதுகிறோம் என்று அவனுக்கே சரியாக விளங்கவில்லை. கை அதுபாட்டுக்கு எழுதியது: வால்வு கசிவு. வாயு முழுதும் வீண். பாக்கி ரத்து.

வீட்டுக்காரர் சீட்டைக் கண்ணோடு ஒட்டிவைத்துப் படித்தார். குனிந்து வால்வில் காதை வைத்தார்.

"கசியலையே, தம்பி? சோப்புத் தண்ணி ஊத்திப் பாத்தேனே!"

"கசியுது சார். உங்களுக்குத் தெரியல." அவன் அந்த அம்மா பக்கம் பார்க்காமல் செருப்பை மாட்டினான். "சிலிண்டரை நாளைக்கு வந்து எடுத்துக்குறேன். இன்னிக்கு வண்டியில இடமில்ல."

வாசலில் வண்டி காலியாக நின்றது.