சின்னவருக்குத் தெரிந்த மரியாதை

பிள்ளையார் கோயில் வாசலில் மாப்பிள்ளை ஏறுவதற்கு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டிருந்தார்கள். குதிரைதான் நிற்கவில்லை.

ஸ்டூலைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தது.

"நிக்க மாட்டாருண்ணே. பந்தயத்துல ஓடுனவரு. நடக்கும்போதே ஆளை மேல தூக்கிப் போட்டுத்தான் அவருக்குப் பழக்கம்" என்றான் குதிரைக்காரன் நல்லகாமன்.

சென்னையில் ஐந்து வருடம் பந்தயத்தில் ஓடி ஓய்வுபெற்ற குதிரை அது. அப்போது அதற்கு வாயில் நுழையாத ஓர் இங்கிலீஷ் பெயர் இருந்ததாம். செக்கானூரணியில் நல்லகாமன் வீட்டுக்கு வந்தபிறகு சின்னவரு. வந்து எட்டு மாதமாகிறது. இதுவரை ஒருத்தரையும் கடித்ததில்லை, உதைத்ததில்லை. விடிகாலை நாலு மணிக்குத் தீவனம் வரவில்லை என்றால் மட்டும் வாளியைக் கவ்வித் தூக்கி எறியும். வாசலில் இன்னொரு குதிரை இருந்தால்தான் தூங்குவேன் என்று ஆரம்பத்தில் அடம்பிடித்தது. இப்போது பக்கத்தில் ஒரு டிராக்டர் நின்றால் போதும்.

அத்தை பையன்கள் இரண்டு பேர் மாப்பிள்ளை ஸ்ரீராம்குமாரின் காலைப் பிடித்து அரிசி மூட்டையைத் தூக்குவதுபோலத் தூக்கிப் போட்டார்கள். அவன் சேணத்தில் போய் விழுந்தான். தலைப்பாகை ஒருபக்கம் சரிந்தது.

ஸ்ரீராம்குமாருக்குக் குதிரை என்றால் பயம். மாடு என்றாலும் பயம்தான். ஆனால் மூன்று மாதத்துக்கு முன்னால், நிச்சயம் முடிந்த முதல் வாரத்தில், "குதிரையில வருவீங்களா?" என்று மதுவந்தி போனில் ஆசையாகக் கேட்டுவிட்டாள். பசுமலைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளிடம் முதன்முதலில் பேசும்போதே முடியாது என்று சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை.

"குதிரைன்னா எனக்கு உயிர்" என்றான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். சின்ன வயதிலேயே கொடைக்கானலில் ஓட்டிப் பழகியவன் என்றும் சேர்த்துவிட்டான். கொடைக்கானலில் மட்டக்குதிரை மேல் உட்காரவைத்தபோது அவன் அழுத அழுகை அவன் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

ஊர்வலம் கிளம்பியது. நல்லகாமன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தான்.

"மாப்ள, கடிவாளம் சும்மா கையில இருக்கட்டும். இழுத்துறாதீங்க."

நாதஸ்வரச் சத்தத்தில் ஸ்ரீராம்குமாரின் காதில் விழுந்தது 'இழுத்து' மட்டும்தான். பெரிதாகத் தலையாட்டினான்.

மேலூர் ரோட்டுக்கு வந்ததும் யாரோ சரவெடியைக் கொளுத்தினார்கள்.

சின்னவரு ஒரு காதைக்கூட அசைக்கவில்லை. துள்ளியது மாப்பிள்ளைதான். துள்ளிய வேகத்தில் கடிவாளத்தை நெஞ்சோடு சேர்த்து இழுத்தான்.

சாதாரணக் குதிரை என்றால் நின்றிருக்கும். பந்தயக் குதிரைக்கு அதன் அர்த்தமே வேறு. மேலே இருப்பவர் கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தால், போ என்று உத்தரவு.

சின்னவரு உத்தரவை மீறியதே கிடையாது.

நல்லகாமன் கையிலிருந்து கயிறு உருவிக்கொண்டு போனது. தவில்காரர் ஒருபக்கமும் நாதஸ்வரக்காரர் மறுபக்கமும் ஒதுங்கினார்கள். மாலையிலிருந்து ரோஜா இதழ்கள் பின்னால் வந்தவர்களின் முகத்தில் அடித்தன. ஸ்ரீராம்குமார் நிறுத்துவதற்காக இன்னும் பலமாக இழுத்தான். குதிரைக்கு இன்னும் சந்தோஷம். முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ போய்க்கொண்டிருந்தது. தனக்கு முன்னால் இன்னொருத்தர் போவதைச் சின்னவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஆட்டோவில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

கல்யாண மண்டபம் வந்தது. வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு பட்டுப்புடவையில் மதுவந்தி ரோட்டுக்கே ஓடிவந்தாள்.

"விடுங்க! கடிவாளத்த விடுங்க!"

விட்டால் செத்தோம் என்றுதான் அவனுக்குத் தோன்றியது. ஆனாலும் சொன்னது அவள். கண்ணை மூடிக்கொண்டு விட்டான்.

பாய்ச்சல் ஓட்டமானது. ஓட்டம் நடையானது. மண்டபத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு கரும்புச்சாறு வண்டி நின்றது. சின்னவரு அங்கே இருந்த இரண்டு பேருக்குப் பின்னால், அடுத்த கிளாஸ் தனக்குத்தான் என்பதுபோல் போய் நின்றார்.

மதுவந்தி கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். ஸ்ரீராம்குமார் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அப்படியே கிடந்தான். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இனிமேல் எதை மறைக்க?

"மது, குதிரைன்னா எனக்கு உயிரெல்லாம் இல்ல. பயம். ரொம்பப் பயம். கொடைக்கானல்ல ஓட்டினேன்னு சொன்னதும் பொய்."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தான். சிரிக்கவில்லை. திரும்பி ரோட்டைப் பார்த்தாள். சொந்தக்காரர்கள், மேளக்காரர்கள், நல்லகாமன், எல்லாரும் தூரத்தில் ஓடிவந்துகொண்டிருந்தார்கள். எப்படியும் ஒரு நிமிஷம் ஆகும்.

அவள் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"நானும் ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

அவன் தலையைத் தூக்கினான்.

"நேத்து மண்டபத்து வாசல்ல லாரியில இருந்து இவரை இறக்குனதும் நான்தான் முதல்ல ஏறுனேன். வீட்ல யாருக்கும் தெரியாது. உங்களுக்கு ஓட்டத் தெரியும்னு நெனச்சுத்தான் சொல்லாம விட்டுட்டேன்."

"நீயும் இழுத்தியா?"

"இழுத்தேன்."

"எங்க நின்னுச்சு?"

மதுவந்தி இன்னொரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"ஆறு கிலோமீட்டர் தாண்டி, மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல."