மூன்றாவது ஜன்னல்

எங்கள் தொழிற்சாலைப் பேருந்து பாலத்தடிச் சிக்னலில் வந்து நின்றபோது, நேரம் சரியாக ஏழு மணி முப்பத்தெட்டு நிமிடம்.

அங்கே சிவப்பு விளக்கு எண்பது வினாடி எரியும். அந்த எண்பது வினாடிக்காக நான் மூன்று நாட்கள் திட்டமிட்டிருந்தேன்.

என் ஐந்து வயது மகளுக்கு முந்தைய நாள் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அன்று காலை ஆறரை மணிக்குக் கண் கட்டை அவிழ்ப்பார்கள். அதன்பின் என் கணவர் அவளை அழைத்துக்கொண்டு நகரப் பேருந்தில் வீடு திரும்புவார். எனக்கு இருந்த விடுப்பெல்லாம் பரிசோதனைகளுக்கு அலைந்ததிலேயே தீர்ந்துவிட்டிருந்தது. மேலும், தொழிற்சாலைப் பேருந்தில் ஏறும்போதே எங்கள் கைப்பேசிகளை மேற்பார்வையாளர் ஒரு துணிப்பையில் வாங்கிக்கொள்வார். மாலை ஆறு மணிக்குத்தான் அவை திரும்பக் கிடைக்கும்.

அவளுக்குக் கண் தெரிகிறதா என்பதை மாலை ஆறு மணி வரை அறியாமல் இருக்க என்னால் இயலாது.

ஆதலால் நாங்கள் இருவரும் சமையலறைத் தரையில் அமர்ந்து, இரண்டு பேருந்துகளின் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிக் கழித்தோம். எதிரெதிரே வரும் அவை பாலத்தடிச் சிக்னலில் சந்திக்கும் என்று விடை வந்தது.

"அங்க உன்னைக் காட்டுறேன். தெரிஞ்சா கையை ஆட்டச் சொல்றேன்," என்றார் அவர்.

தெரியாவிட்டால் என்ன செய்வது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எதிரே வரும் பேருந்தைப் பார்ப்பதற்குச் சாலையின் நடுப்பக்கத்து ஜன்னல் வேண்டும். எனது இடமோ நடைபாதைப் பக்கத்து மூன்றாவது ஜன்னல். எங்கள் பேருந்தில் இருக்கைகளுக்கு எண் கிடையாது. ஆயினும் ஒருவர் இடத்தில் மற்றொருவர் அமர்ந்ததில்லை. எனக்கு நேர் மறுபுறத்து ஜன்னல் பட்டன் அக்காவுக்கு உரியது. பட்டன் தைக்கும் பிரிவில் அவரை எதிர்த்துப் பேசிய ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அன்று காலை அவரிடம் போய் அந்த இடத்தைக் கேட்டேன்.

"எட்டு வருஷமா என் தலை பட்டு அந்தக் கண்ணாடியே தேஞ்சு போச்சு. அதைப் போய்க் கேக்குறியே!" என்றார் அக்கா.

நான் காரணத்தைச் சொன்னேன்.

அக்கா தம் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்து சென்று என் இடத்தில் அமர்ந்தார். "இன்னிக்கு மட்டும்தான். நாளைக்கும் உக்காந்திருந்தேன்னு வை, தூக்கி வெளிய போட்டுருவேன்."

நாங்கள் வந்து நின்ற சில வினாடிகளில் எதிரே நகரப் பேருந்தும் வந்து நின்றது. எங்கள் கணக்குப் பிழைக்கவில்லை.

நான் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தேன். ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் வாயைத் திறந்து உறங்கிக்கொண்டிருந்தாள். சீருடை அணிந்த இருவர் ஒரே புத்தகத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தனர்.

என் கணவர் இல்லை. என் மகள் இல்லை.

அவர்களை மருத்துவமனையிலிருந்து அனுப்பவில்லை என்றால் அதற்கு ஒரே ஒரு பொருள்தான் இருக்க முடியும்.

பச்சை விளக்கு எரிந்தது. நகரப் பேருந்து போய்விட்டது.

"ஏய், அங்க என்னடி வேடிக்கை?" பட்டன் அக்காவின் குரல் பேருந்தையே அதிரச் செய்தது. "இங்க ஒரு ஆளு பிள்ளையத் தூக்கிட்டு நிக்கிறாரு. உன் வீட்டுக்காரரா பாரு!"

நான் பாய்ந்து சென்று, அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன்.

நடைபாதையில் என் கணவர் நின்றிருந்தார். அவர் தோளில் மகள் இருந்தாள். நான் எனது வழக்கமான இடத்தில்தான் அமர்ந்திருப்பேன் என்று எண்ணி, அவர் முந்தைய பேருந்திலேயே வந்து இறங்கி, சாலையைக் கடந்து, மூன்றாவது ஜன்னலுக்கு நேராகக் காத்திருந்திருக்கிறார். எத்தனை மணி, எத்தனை நிமிடம் என்பதையெல்லாம் பேசிய நாங்கள், எந்தப் பக்கம் என்பதை மட்டும் பேசவே இல்லை.

பின்னாலிருந்த வாகனங்கள் ஹார்ன் அடித்தன. ஓட்டுநர் தமக்கு மேலிருந்த கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். பிறகு சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிட்டு, தலையை வெளியே நீட்டினார்.

"வண்டி மக்கர் பண்ணுதுப்பா! கொஞ்சம் பொறுங்க!"

"அண்ணே, இறங்கித் தள்ளவா?" என்று பின்னிருக்கையிலிருந்து ஒருத்தி கேட்டாள். பேருந்து முழுவதும் சிரிப்பு எழுந்தது. நேரம் தவறுவதை ஒருபோதும் பொறுக்காத மேற்பார்வையாளர், அன்று துணிப்பையின் முடிச்சை மிகுந்த கவனத்துடன் ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர்கள் எவருக்கும் நான் முறையாக நன்றி கூறியதில்லை.

மகளின் கண்ணில் கட்டு இல்லை. வெளிச்சம் கூசியதால் அவள் முகத்தைச் சுருக்கிக்கொண்டு ஜன்னலை உற்றுப் பார்த்தாள். கணவர் அவள் காதில் ஏதோ சொன்னார்.

அவளுடைய கை மெல்ல உயர்ந்தது. அசைந்தது. பிறகு இரண்டு கைகளும் அசைந்தன. வாய் நிறையச் சிரித்துக்கொண்டு அவற்றை அவள் ஆட்டினாள்.

பட்டன் அக்காவைப் பார்த்து.

பிறந்த நாள் முதல் என் முகத்தை அவள் விரல்களால் தடவி மட்டுமே அறிந்திருந்தாள். அந்த ஜன்னலில் அம்மா இருப்பாள் என்று அப்பா சொல்லியிருந்தார். அந்த ஜன்னலில் ஒரு முகம் இருந்தது.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "ஐயையோ, நான் இல்ல தங்கம்..." என்று பதறியபடி அவர் எனக்கு இடம்விட எழுந்தார்.

நான் அவர் தோளை அழுத்தி அமர வைத்தேன்.

"ஆட்டுங்கக்கா," என்றேன். "பிள்ளை பாக்குறா."