முன்சக்கரம் எழும்போது

பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுத்தரும் மரகதவல்லி, முன்சக்கரத்தைத் தூக்கி வீலிங் செய்தபோது விபத்தில் செத்துப்போன மகனின் பைக்கைச் சரிசெய்து எடுத்துக்கொண்டு, அவன் நண்பன் நஸீரிடம் அதே வீலிங்கைக் கற்றுக்கொள்ள வந்தாள். "வேணாம்மா" என்று அவன் அழுதும் கேட்கவில்லை. வீடு எழும்பாத மனைப்பிரிவுச் சாலையில் விழுந்து விழுந்து எழுந்தாள். முழங்கையில் தோல் உரிந்து தொங்கியது. ஒரு மாலை முன்சக்கரம் தலைக்கு மேலே எழும்பி நின்றது. "பின் பிரேக்க மிதிங்கம்மா!" என்று நஸீர் கத்திக்கொண்டே ஓடிவந்தான். மிதித்தாள். சக்கரம் தொப்பென்று இறங்கியது. இன்ஜினை அணைத்துவிட்டு, சூடான டேங்க்கின் மேல் வெகுநேரம் கவிழ்ந்து கிடந்தாள்.

"அவ்ளோ பெரிய லாரி கண்ணுக்குத் தெரியலையாடான்னு தினமும் அவன் போட்டோவத் திட்டுனேன் நஸீரு" என்றாள். "ரோடே தெரியலையேப்பா. முழுக்க வானம்தான் இருக்கு."