அரை விரல் கூடுதல்

"அம்மா, ஊசி குத்துது."

"ஆடாம நில்லுடி. அரசி போடப்போற அங்கியை உன்மேல வச்சுத் தைக்கிறேன், அதுக்கே நீ குடுத்து வச்சிருக்கணும்."

மாதக்கணக்கில் வேலையில்லாமல் இருந்த தையல்காரிக்கு அரண்மனையிலிருந்து வந்த முதல் வேலை அது. அவர்கள் கொடுத்த அளவுச் சீட்டில் இடது கை வலதைவிட அரை விரல் கூடுதல் என்றிருந்தது. மகளுக்கும் அப்படித்தான்.

"அப்போ நானும் அரசிதான். போன வாரம் அரண்மனைக்குத் துணி மாதிரி காட்டப் போனப்பவே, தாதிங்க அரசியோட பழைய அங்கியை எனக்குப் போட்டு, கையெல்லாம் அளந்து அழகு பார்த்தாங்களே."

"போதும், வாயை மூடு."

அங்கியை வாங்க வந்த அதிகாரி, "அரசிக்கு உடுத்திவிட உன் மகளும் வரட்டும்," என்றார். மகள் துள்ளிக்கொண்டு போனாள்.

மறுநாள் ஊர்வலத்தில் அரசியின் வண்டிமீது அம்புகள் பாய்ந்தன. அரசி தப்பிவிட்டாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் இறந்துவிட்டாள் என்றார்கள். மகளின் உடலைத் துணியால் முழுக்கச் சுற்றியே தாயிடம் கொடுத்தார்கள்.

அடுத்த மாதம் தாயை அரண்மனைத் தையல்காரியாக்கினார்கள். அன்றுதான் முதன்முதலாக அரசியைத் தொட்டு அளந்தாள்.

"சீக்கிரம் முடிங்கம்மா," என்றாள் அரசி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

தையல்காரி நாடாவை மறுபடியும் பிடித்துப் பார்த்தாள். அரசியின் இரண்டு கைகளும் ஒரே நீளம்.